ஏட்டி என்றால் திரும்பாத பிள்ளை

செவல்குடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் புத்தகம் பேசுகிற மாதிரிப் பேசத் தொடங்கிய வருசம், புளி நல்ல காய்ப்பு, நிலக்கடலை சுமாரான காய்ப்பு, சண்முகக்கனிக்கு மட்டும் தொட்டதெல்லாம் எரிச்சல். குழாயில் தண்ணீர் வராத எரிச்சல், வந்த தண்ணீர் கலங்கி வந்த எரிச்சல், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு சுட்ட விரலிலேயே மறுபடியும் பாகு சுட்ட எரிச்சல், ஆந்திராவில் முறுக்குக் கடையில் வேலை பார்க்கிற புருசன் தங்கராசு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு அவள் பதில் சொல்வதற்குள் கொட்டாவி விடுகிற எரிச்சல். இத்தனையையும் கொட்டி வைத்தால் ஊர்க் கண்மாயின் கரையை ஒரு முழம் உயர்த்திவிடலாம் என்று பக்கத்து வீட்டு மரியதங்கம் சொல்லுவாள்.

அவ்வளவு எரிச்சலுக்கும் நடுவில் கனிக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அது அவள் மகள் செல்வரதியின் சிரிப்பு. அது ஒன்றும் அழகான சிரிப்பு இல்லை. முதலில் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருமே ஒரு சீறல், அது வரும். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டதோ என்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். பிறகு மூக்கு வழியாகப் பன்றிக்குட்டி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். "இந்தச் சிரிப்பு யார் வழியில வந்துச்சு" என்று தங்கராசு கேட்பான். "ஒங்க வழியாத்தான் இருக்கும், எங்க வீட்டுல யாரு சிரிச்சா" என்பாள் கனி. உண்மைதான், அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு வேன் நிறையப் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. பிள்ளைகள் பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்று யாரோ ஒரு நல்ல மனிதர் வருத்தப்பட்டு, தன் செலவில் ஒரு நாவலை அச்சடித்து அனுப்பியிருந்தார். 'சுகுணாவும் ஏழு பூசணிக்காய்களும்' என்பது அதன் பெயர். அட்டையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னட்டையில், 'பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான சிறுவர் சிறுமியருக்கான, நகைச்சுவையும் நெகிழ்ச்சியும் ததும்பும் நாவல்' என்று போட்டிருந்தது. தலைமையாசிரியர் தேவசகாயம், தொப்பையின் மேல் ஒரு புத்தகக் கட்டை ஏந்திக்கொண்டு ஆறாம் வகுப்புக்குள் வந்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும், படிக்காதவர்கள் வெயிலில் நிற்க வேண்டும் என்று சொன்னார். பிள்ளைகள் படித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் கனி அடுப்படியிலிருந்து, "ஏட்டி, எந்திரி, தண்ணி வந்துட்டு" என்றாள். செல்வரதி பாயில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்து, "இனிய காலை வணக்கம் அம்மா. இதோ துயில் எழுந்துவிட்டேன். தாங்கள் நலமாக உறங்கினீர்களா?" என்றாள்.

கனி கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். "என்னட்டி, காலையிலேயே கிண்டலா?"

"கிண்டல் அன்று அம்மா. உண்மையாகவே வினவுகிறேன்."

அதே நேரத்தில் பக்கத்து வீட்டில், மரியதங்கத்தின் மகன் கிஷோர் தோசையைப் பார்த்து, "ஆகா, என்ன சுவை, என்ன சுவை" என்று சொல்லி மூக்கின் மேல் விரல் வைத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் ஒரு பெண் காக்கையைப் பார்த்து, "காகமே, வடகத்தை உண்ணாது அகன்று செல்" என்று சொல்லிக்கொண்டிருக்க, காகம் அவளைத் தலைசாய்த்துக் கேட்டபடி வடகத்தைத் தின்றுகொண்டிருந்தது. மதியத்துக்குள் தெரிந்துவிட்டது, நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் வாய் மாறிப்போயிருந்தது. வெயிலில் நிற்கப் பயப்படாத ஒரு பையனைத் தவிர ஆறாம் வகுப்பு முழுக்க அப்படித்தான்.

ஊர் செய்ய வேண்டியதைச் செய்தது. ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, நாக்கில் ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார். அம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சர்ச்சில் ஜெபம் பண்ணினார்கள். பிள்ளைகள் பாஸ்டரை விட நன்றாக ஜெபம் பண்ணினார்கள். மரியதங்கம் மகனுடைய புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள். கிஷோர் கிணற்றை எட்டிப் பார்த்து, "அந்தோ, சுகுணா நீரில் மூழ்கினாளே" என்றான், அவ்வளவுதான். மை வாசம் மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள் சிலர். எழுதியவரின் ஆசை அப்படி என்றார்கள் சிலர். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. காரணம் தெரிந்து என்ன செய்ய, கடலை உரிக்க வேண்டியிருந்தது.

பிறகு மெதுவாக, எந்த அதிசயத்துக்கும் ஊர் இடம் ஒதுக்கிக் கொடுப்பது போல, இதற்கும் ஒதுக்கிக் கொடுத்தது. கல்யாண வீட்டில் மைக் பிடிக்க ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். ரேசன் கடையில் இன்று மண்ணெண்ணெய் இல்லை என்று சொல்ல ஒரு பிள்ளையை நிறுத்தினார்கள், "வருந்துகிறோம், மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, தயைகூர்ந்து நாளை வருக" என்று அது சொன்னதும், வைய வந்தவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு பேசாமல் திரும்பிப் போனார்கள். தேவசகாயம் சாருக்குக் காலே தரையில் பாவவில்லை. 'நல்ல தமிழ் பேசும் நம் செல்வங்கள்' என்று பள்ளிக்கூட வாசலில், தன்னுடைய படத்தைப் பெரிதாகவும் பிள்ளைகளின் படத்தைச் சின்னதாகவும் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். டிவிக்காரர்கள் வந்தார்கள். வெயிலில் நின்ற அந்த ஒரு பையனை அன்றைக்கு லீவு போடச் சொல்லிவிட்டார்கள்.

தாய்மார்களும் பழகிக்கொண்டார்கள், சிலருக்கு அது பிடித்தும் போய்விட்டது.

"எங்க வீட்டுல இப்போ சண்டையே இல்ல மைனி" என்றாள் மரியதங்கம். "முன்னாடி 'பல்லு விளக்குலே'ன்னா ஒரு பேச்சு, 'குளிலே'ன்னா ஒரு பேச்சு, எதுத்துப் பேசுவான். இப்போ 'அவ்வாறே ஆகட்டும் அம்மா'ங்கான். நம்மள இதுவரைக்கும் யாரு நீங்க நாங்கன்னு கூப்பிட்டிருக்கா, சொல்லு."

"அது சரி மைனி. ஒம்மவன் மரத்துல இருந்து விழுந்தானே, அழுதானா?"

மரியதங்கம் கொஞ்சம் யோசித்தாள். "கோ-ன்னு சொன்னான்."

"சொன்னானா, அழுதானா?"

"கோ-ன்னு ஒரு தடவ சொல்லிட்டு எந்திச்சுப் போயிட்டான்."

அதுதான் கனிக்குப் பொறுக்கவில்லை. அந்த நாவலில் யாராவது அழுதால் 'கோவெனக் கதறி அழுதாள்' என்று போட்டிருந்ததால், பிள்ளைகள் அடிபட்டால் கோ என்றார்கள். யாராவது சிரித்தால் 'ஹா ஹா ஹா எனக் கலகலவென நகைத்தாள்' என்று போட்டிருந்ததால், சிரிக்க வேண்டிய இடத்தில் ஹா ஹா ஹா என்றார்கள், மூன்று ஹா, கூடவும் இல்லை குறையவும் இல்லை. செல்வரதியும் அப்படித்தான் சிரித்தாள். ஆட்டுக்குட்டி தலையைப் பால் பாத்திரத்துக்குள் விட்டு மாட்டிக்கொண்டு வீடு முழுக்க முட்டி முட்டி ஓடியபோது, முன்பு என்றால் தரையில் விழுந்து உறுமியிருப்பாள், இப்போது கைகட்டி நின்று, "ஹா ஹா ஹா, என்னே இதன் குறும்பு" என்றாள். கனி பாத்திரத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஆட்டுக்கு ஒன்று வைத்தாள், அதுவும் பாவம் என்ன செய்யும்.

தங்கராசு போன் பண்ணியபோது செல்வரதி, "வணக்கம் அப்பா. தாங்கள் பிரிந்து சென்ற நாள் முதலாய் எங்கள் இல்லம் களையிழந்து கிடக்கிறது" என்றாள். அவன் அந்தப் பக்கத்தில் கொட்டாவி விடாமல் கேட்டான்.

"பிள்ளைய எவ்வளவு மரியாதையா வளத்திருக்க" என்றான் கனியிடம்.

"நான் வளக்கல. புத்தகம் வளத்திருக்கு."

"எதுவா இருந்தா என்ன, நல்லாத்தான இருக்கு."

"ஒங்களுக்கு நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கேக்கியோ. நான் தினம் கேக்கேன்."

தினமும் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் கூசத் தொடங்கியது. தன் வீட்டில் தன் பிள்ளையோடு பேச ஒவ்வொரு சொல்லையும் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டியிருந்தது. அவளும் இதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் போனவள்தான், ஆறாம் வகுப்பிலேயே நின்றவள்; அங்கே கற்றுக்கொண்ட எழுத்துகளில் பஸ் போர்டு படிக்கவும் மருந்துச் சீட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டியவை மட்டும் மிச்சம் இருந்தன. "தாங்கள்" என்று மகள் அவளைக் கூப்பிடும்போதெல்லாம் தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது செல்வரதி கேட்டாள், "அம்மா, தாங்கள் ஏன் ஒருபோதும் புன்முறுவல் பூப்பதில்லை? சுகுணாவின் அன்னை எப்பொழுதும் புன்முறுவல் பூத்தபடி இருப்பாரே."

"அவளுக்கென்ன" என்றாள் கனி. "தாள்ல இருக்கா. தாளு பாகு காய்ச்சுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குக் கம்பெனியில் மிட்டாய்த் துண்டு போடும்போது கோடு கோணிப்போய், மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள்.

அடுத்து வந்தது சனிக்கிழமை. சந்தை நாள். கனி வேலை முடிந்து கூடையோடு வந்தாள், செல்வரதி அவளுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி, நடுரோட்டில் நின்று வானத்தில் ஒரு பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுப் பக்கத்து மேட்டிலிருந்து பால்காரர் சுயம்பு, இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்ட வண்டியில் பிரேக் பிடிக்காமல் காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார். கனி பார்த்துவிட்டாள். "ஏட்டி" என்று கத்தினாள். "ஏட்டி, வெலகு. ஏட்டி, மூதி, வெலகுட்டி." தெருவில் போன எல்லாப் பெண்களும் திரும்பினார்கள், ஒரு ஆடு திரும்பியது, செல்வரதி திரும்பவில்லை. பால் கேன் அவள் முழங்கையில் இடித்து, அவள் ஓரமாகப் போய் விழ, வண்டி வேலியில் போய் நின்றது.

"பிள்ளைக்குக் காது கேக்காதாக்கா" என்று சுயம்பு வேலியிலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டே கேட்டார்.

செல்வரதி மண்ணில் உட்கார்ந்து, முழங்கையைப் பார்த்து, "கோ" என்றாள். பிறகு தாவணி வயசு கூட வராத அந்தப் பிள்ளை பெரிய மனுசி மாதிரி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டது.

"கத்துனேனேட்டி" என்றாள் கனி. "தொண்டை கிழியக் கத்துனேனே, ஏன் திரும்பல?"

"தாங்கள் என்னை அழைக்கவில்லையே, அம்மா."

"ஏட்டி ஏட்டின்னு கத்துனேனே."

"தாங்கள் ஏதோ ஓசை எழுப்பினீர்கள். அஃது என்னைக் குறிப்பது என்று நான் அறியேன்."

கனி கூடையைத் தரையில் வைத்துவிட்டாள். பதினோரு வருசமாக அந்தச் சொல்லால்தான் அவளைக் கூப்பிட்டாள். பால் குடிக்க, குளிக்க, சாப்பிட, பள்ளிக்கூடம் போக, காய்ச்சலில் கண்ணைத் திறக்க. செல்வரதி என்பது ரேசன் கார்டுக்கு வைத்த பெயர். உண்மையான பெயர் ஏட்டிதான். அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பிள்ளைக்குள் இல்லாமல் போய்விட்டது. 'மகளே, விலகிச் செல்' என்று அந்த நேரத்தில் கத்த எந்தத் தாய்க்கு வாய் வரும். இன்றைக்குப் பால் கேன், நாளைக்கு லாரியாக இருந்தால்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, மகளைக் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள் கனி. முழங்கை வீங்கிக் கருத்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டால், "பொறுத்துக்கொள்வேன் அம்மா" என்றது. சன்னல் ஓரத்தில் அந்தப் புத்தகம் கிடந்தது. அடுப்பில் போட்டுவிடலாமா என்று கை போயிற்று. மரியதங்கம் கிணற்றில் போட்டு என்ன கண்டாள்? தன் பிள்ளை அதற்குள் எங்கேயாவது மாட்டிக்கொண்டு கிடந்தால், எரித்தால் அதுவும் சேர்ந்தல்லவா எரியும். பேன் பார்க்கிறவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், வகிடு வகிடாகப் பிரித்துப் பார்ப்பது. கனி புத்தகத்தை எடுத்தாள், மகளின் தலை மேலேயே விரித்து வைத்தாள், முதல் வரியில் விரலை வைத்தாள்.

"எந்த எடத்துல வச்சு எம்பிள்ளையப் பிடிச்ச, காட்டு" என்று புத்தகத்திடம் சொன்னாள்.

"தாங்கள் வாசிக்கப் போகிறீர்களா, அம்மா?"

"ஆடாத. புத்தகம் விழுந்துரும். சு... கு... ணா. சுகுணா. கா... லை... யில். து... யில். துயிலா? அது யாரு துயிலு?"

"துயில் என்றால் உறக்கம் அம்மா. துயில் எழுந்தாள்."

"எந்திச்சான்னு சொன்னா எந்திக்க மாட்டாளாமா. சரி. அவ... ள... து. அவளது. தாய். தாய் வந்துட்டா. பு... ன்... மு... று..." கனி விரலைத் தேய்த்துப் பார்த்தாள். "முறுகல். தாய் முறுகல் பூத்தாள். பாவி, முறுகல் தோச பூஞ்சணம் பூத்துப்போச்சாம், அத எடுத்துப் பிள்ளைக்குக் குடுக்கா."

"முறுவல், அம்மா. முறுகல் அன்று."

"நீ சும்மா இரி. பூத்தாள்னு போட்டிருக்கான். மத்தியானம் வச்ச சோறு சாயங்காலம் பூத்துப்போறது எனக்குத் தெரியாதா. இவ பூத்தத குடுத்துட்டு சிரிச்சிக்கிட்டு நிக்கா. இவளத்தான் நீ என்கூடச் சேத்துப் பேசுன."

புத்தகம் லேசாக ஆடியது. கனி அதைப் பிடித்துக்கொண்டாள். தோள்தான் குலுங்கியதோ, இருமலோ, அவளுக்குத் தெரியவில்லை. ஏசிக்கொண்டே வாசித்தாள், வாசித்துக்கொண்டே ஏசினாள், ஏசாமல் அவளால் ஒரு வரிகூடத் தாண்ட முடியவில்லை. சுகுணா ஏழு பூசணிக்காயையும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதை, "எவளாது ஏழு தூக்குவாளா, ரெண்டு தூக்குனாலே இடுப்பு நாரி ஒடிஞ்சிரும்" என்று ஏசினாள். பூசணிக்காய் உருண்டு வகுப்பில் சிரிப்பு எழுந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் இடம் போதாமல் ஒரு சொல்லை அச்சுக்காரர் இரண்டாக உடைத்து, முதல் எழுத்தை அங்கேயும் மிச்சத்தை அடுத்த பக்கத்தின் தலையிலும் போட்டிருந்தார்.

"அப்... பொழுது. வகுப்... பறைக்குள். நு... ழைந்த. நுழைந்த ஆ." கனி நிறுத்தினாள். "ஆ. அவ்வளவுதான் இருக்கு. வகுப்புக்குள்ள நுழைஞ்சது ஆவாம். ஆ-ன்னா என்னட்டி?"

தலை மேல் இருந்த பக்கம் செல்வரதிக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை அது. "ஆ என்றால் பசு, அம்மா."

"பசுவா? பள்ளிக்கூடத்துக்குள்ளயா?"

"ஆம், அம்மா. ஆ என்பது பசுவைக் குறிக்கும் சொல்."

"அப்போ பசுதான். வகுப்புக்குள்ள ஒரு பசு நுழைஞ்சிட்டு. யாரு அவுத்துவிட்டா." பக்கத்தைத் திருப்பினாள். "சிரி... யர். சிரி யர். சிரி யாரு. அப்புறம் சி... ன... சினை... சினையோட. அதான பாத்தேன், சினைப் பசு. சினைப் பசு உள்ள வந்து, யார் சிரித்தது, அப்படின்னு கேக்குது." கனிக்கு மெய்யாகவே கோபம் வந்துவிட்டது. "சினையா இருக்குற மாட்ட இப்படி அலையவிடலாமா? படிக்கட்டு ஏறி வந்திருக்கே. இதுல பிள்ளைகளுக்குச் சிரிப்பு வேற."

செல்வரதி கையைத் தூக்கித் தலையிலிருந்த புத்தகத்தை இறக்கினாள். உடைந்த சொல்லைப் பார்த்தாள். ஆ, சிரியர். ஒருமுறை திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள். "அம்மா, இது ஆசிரியர்" என்றாள். "ஆசிரியர் சினத்துடன்..."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. தொப்பையைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி ஏறி வந்து, வாசலில் நின்று 'யார் சிரித்தது' என்று கேட்கிற தேவசகாயம் சார் அவள் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்; கழுத்தில் மணி கட்டியிருந்திருக்கவும் வேண்டும். எங்கிருந்தோ ஒரு சீறல் வந்தது. கனி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், அடுப்பில் குக்கர் இல்லை. அப்புறம் சத்தமே இல்லை. பிள்ளையின் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்தது. கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூக்கு வழியாக, தெருவே கேட்கிற மாதிரி, அந்த உறுமல் வந்தது.

"எம்மா" என்றாள் செல்வரதி, பாயில் உருண்டு. "எம்மா, அது மாடு இல்லம்மா. சாரும்மா. சாரு."

"சாரா?" கனி கண்ணை விரித்தாள். "சாரா சினையா இருக்காரு?"

கேட்டு முடிப்பதற்குள் கனியின் தொண்டையிலிருந்தும் ஒரு சீறல் கிளம்பியது. அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. அது மூக்குக்கு ஏறி, பிள்ளையின் உறுமலுக்குத் தாய்ப் பன்றியின் உறுமலாக வெளியே வந்தது.

வாசலில் மரியதங்கம் விளக்குமாற்றோடு வந்து நின்றாள். "மைனி, வீட்டுக்குள்ள பன்னி கின்னி பூந்துட்டா?" என்று கேட்டவள், உள்ளே பார்த்து விளக்குமாற்றைக் கீழே விட்டாள்.

சிரித்து ஓய்ந்தபோது செல்வரதி முழங்கையைத் தரையில் ஊன்றினாள். ஊன்றியவள் முகம் கோணியது. "எம்மா, கை வலிக்கும்மா" என்றாள். "நேத்துல இருந்து வலிக்கும்மா" என்று சொல்லி அழுதாள். கோ என்று இல்லை. மூக்கு ஒழுக, விக்கி விக்கி, வார்த்தை குழற, பால் கேனுக்கும் அதற்கு முந்தி அழாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து அழுதாள். கனி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழுட்டி, மூதி, நல்லா அழு" என்றாள். நல்லெண்ணெயும் கண்ணீரும் சேலையில் பட்டுக் கறையானதற்கு அப்புறம் ஏசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலமே மரியதங்கம் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய புத்தகம் கிணற்றில் கிடந்ததால் கனியின் புத்தகத்தைக் கடன் வாங்கி, கிஷோரின் தலை மேல் விரித்து, தனக்குத் தெரிந்த மாதிரி வாசித்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வரி பலித்தது. ஒரு வீட்டில் பூசணிக்காய், ஒரு வீட்டில் முறுகல். வாசிக்கத் தெரியாத ஒரு தாய் படத்தைப் பார்த்து, "இவளுக்கு எதுக்கு இப்படி வாயி" என்றதிலேயே அவள் மகன் விழுந்து சிரித்துவிட்டான். சிரித்த பிள்ளைகள் எல்லாம் அதற்கப்புறம் புத்தகத்தைத் தாங்களே எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தார்கள்; இந்தத் தடவை வாய் மாறவில்லை. நல்ல கதைதான், சுகுணா பாவம் என்றார்கள். வாரம் முடிவதற்குள் ரேசன் கடையில் பழையபடி சண்டை நடந்தது, காகங்கள் வடகத்தை விட்டுப் பறந்தன, மரியதங்கத்தின் வீட்டில் பல்லு விளக்குகிற சண்டை தெருக்கோடி வரை கேட்டது. அதற்கும் அவள் கனியைத்தான் நொந்துகொண்டாள்.

தேவசகாயம் சார் கனியைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபிளெக்சில் இருந்த பிள்ளைகளெல்லாம் ஒன்றையொன்று மூதி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவருக்கு முகம் வாடியிருந்தது.

"என்னம்மா செஞ்சீங்க?" என்றார்.

"ஒண்ணும் செய்யல சார். புத்தகத்த ஏசுனேன்."

"புத்தகத்தையா? அதுல ஏச என்னம்மா இருக்கு, நகைச்சுவை நாவல் அது."

"ஆமா சார், சிரிப்பாத்தான் இருந்துச்சு" என்றாள் கனி. அவர் தொப்பையைப் பார்த்துவிடக் கூடாதே என்று சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற செல்வரதியிடமிருந்து ஒரு சீறல் கேட்டது. கனி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "அடுப்புல பாலு வச்சிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

அந்த ஃபிளெக்சைக் கழற்றிக் கம்பெனியில் கடலை காயப்போட எடுத்துக்கொண்டார்கள். தேவசகாயம் சாரின் முகத்தின் மேல் கடலை நன்றாகக் காய்ந்தது. அடுத்த மாதம் அதே நல்ல மனிதர் அனுப்பிய இரண்டாவது கட்டு வந்து இறங்கியபோது, பிள்ளைகள் புத்தகத்தை நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து தாய்மார் கையில் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே துணி துவைக்க நேரமில்லை, இதில் இது வேறு என்று கனிக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமைச் சந்தை ரோட்டில் செல்வரதி கனிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மேட்டில் வண்டி எதுவும் வரவில்லை. ஆடு மாடு கூட இல்லை. கனி கூடையை இடுப்பு மாற்றி வைத்தாள்.

"ஏட்டி" என்றாள்.

பிள்ளை திரும்பியது. "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. போ."

நாலு எட்டு வைத்தாள். மறுபடியும் கூப்பிட்டாள். "ஏட்டி."

"என்னம்மா, சும்மா சும்மா."

"ஓரமாப் போ, மூதி" என்றாள் கனி, ரோட்டில் ஒரு வண்டியும் இல்லாமலே.